வீட்டு வண்டியின் இடது சீட்டு

அன்றைக்குப் பர்மாவில், மோல்மேன் ஊரில், அந்த வண்டியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்தான். வண்டியை விற்கிற கப்பல்காரர், அவருடைய அம்மா, என் அண்ணன், அண்ணி, நான். வேறு ஒரு ஆளும் இல்லை. பிற்பாடு எங்கள் சொந்தத்திலேயே சிலர் தாங்களும் கூட வந்து விலை பேசி முடித்துக் கொடுத்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதற்காகத்தான் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அது காரும் இல்லை, லாரியும் இல்லை. சின்ன லாரி ஒன்றின் முதுகில் ஒரு வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, பாத்திரம் கழுவத் தொட்டி, ஒற்றை அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. டிரைவர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கை. ஜப்பான்காரன் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனால் இதிலேயே தூங்கி, இதிலேயே சமைத்துச் சாப்பிடுவானாம். கப்பல்காரர் அந்த ஊர்த் துறைமுகத்தில் பழைய வண்டி விற்கிற இடத்தில் இதைப் பார்த்து ஆசைப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகு வாங்க ஆள் கிடைக்கவில்லை. நம் ஊரில் வண்டி என்றால் எத்தனை பேரை ஏற்றலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்று யார் கேட்பார்கள்?

அண்ணன் கேட்டார். உட்கார முடியாத நோயாளிகள், நடக்க முடியாத வயசாளிகள், இவர்களைப் படுக்க வைத்தே கூட்டிக்கொண்டு போகலாம் என்பது அவருடைய யோசனை. கியாக்தானில் ஆற்று நடுவில் இருக்கிற புத்தர் கோயிலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று படுத்த படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரங்கூன் தின்கன்ஜூனில் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். வாடகைக்கு ஓட்டினால் பிழைத்துக்கொள்ளலாம்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அண்ணன் ஓட்டுவாரா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இதைப் புரியவைக்க வேண்டுமென்றால் எங்கள் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பர்மாவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கமாக ஓடும். ஆனால் அநேகமாக எல்லாமே ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், அதனால் ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கும். டிரைவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நடு ரோட்டுப் பக்கம், இடது சீட்டில் இருப்பவன்தான் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். டிரைவர் "யலா?" என்பார். "சரியா, போகலாமா" என்று அர்த்தம். போகலாம் என்றால் இவன் "யதே" என்பான். அந்த ஒரு வார்த்தையை நம்பி டிரைவர் வண்டியை இடது பக்கம் ஒடித்து முன்னேறுவார். எங்கள் ஊர் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதைவிட இதுதான் கண்டக்டருக்குப் பெரிய வேலை.

அண்ணன் ரங்கூனில் சின்ன வயசிலிருந்தே பஸ் ஓட்டினவர். இந்த வண்டி வாங்குவதற்கு ரெண்டு வருஷம் முன்னால் ஒருநாள், முன்னால் போன லாரியைத் தாண்ட "யலா?" என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் "யதே" என்றான். இவர் ஒடித்தார். எதிரே சைக்கா வந்தது. சைக்கிளுக்குப் பக்கத்தில் சீட்டு வைத்து ஆள் ஏற்றுவார்களே, அது. சைக்காக்காரருக்கு ஒரு கால் போய்விட்டது. கண்டக்டர் "நான் சொன்னேன்தான், ஆனா..." என்று ஏதோ சொல்ல வந்திருக்கிறான். அண்ணன் அவனைப் பேசவிடாமல் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதோடு வேலையை விட்டு வந்தவர்தான். அண்ணி முறுக்கு சுட்டு விற்றார். அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். யாராவது வண்டி ஓட்டக் கூப்பிட்டால், கை நடுங்குது, கண் சரியில்லை என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவார்.

ஆகவே அந்த வண்டியை நாங்கள் வாங்கினது நோயாளிகளுக்காக மட்டும் இல்லை. அண்ணியும் நானும் இதைப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் தெரியும். இவர் மோல்மேனிலிருந்து ரங்கூன் வரை ஓட்டிவிட்டால் மனிதன் மறுபடியும் டிரைவர். ஓட்டாமல் போனால் இனி எப்போதும் இல்லை.

நான் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் ஒரு அரிசிக் கடையில் எடை போடுகிறவன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். என்னை எதற்கு அண்ணன் கூட்டிக்கொண்டு போனார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கப்பல்காரரின் அம்மா வண்டி முன்னால் தப்யே இலைக் கொத்தைச் செருகினார். பர்மாக்காரர்களுக்கு அது மங்கலம். அண்ணி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தம்மாள் சிரித்துக்கொண்டே பர்மாப் பேச்சில், "ரெண்டு சாமியும் கூட வருது, இனி என்ன பயம்" என்றார். ரெண்டு சாமி கூட வருகிற அளவுக்கு இந்த வண்டியில் என்ன கோளாறு என்று நான் நினைத்தேன்.

அண்ணன் சாவியைத் திருகினார். வண்டிக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் ஜப்பான் பேச்சில் ஏதோ சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணே சொல்றா?"

"எனக்கென்னடா தெரியும்? வாங்க வாங்கன்னு சொல்றா."

"குரல் அப்படி இல்லையே. ஏதோ எச்சரிக்கை பண்ற மாதிரில்ல இருக்கு."

கப்பல்காரரிடம் கேட்டேன். எப்போதும் அப்படித்தான் பேசும், கண்டுகொள்ள வேண்டாம் என்றார். உள்ளே ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தது, பக்கத்தில் ஜப்பான் எழுத்து. அது எதற்கு என்று கேட்டேன். அதைத் தொடாதீர்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை. இது போதாதா எனக்கு?

அப்போது சல்வீன் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கிடையாது. வண்டியைத் தோணியில் ஏற்றித்தான் அக்கரை மார்த்தபான் போக வேண்டும். தோணியில் எங்களுக்கு முன்னால் மாட்டு வண்டிகள், பின்னால் மரக்கட்டை ஏற்றின லாரி. ஆறு கடல் மாதிரி கிடந்தது. நான் இறங்கி சக்கரங்களுக்கு அடியில் கட்டை சரியாக வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கட்டை கொஞ்சம் விலகியிருந்தது. காலால் உதைத்து நெருக்கினேன். பிறகு, உதைத்ததில் இன்னும் விலகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். தோணிக்காரர் சத்தம் போட்டார். "அண்ணாத்தே, நீ உதைச்சு உதைச்சே வண்டிய ஆத்துல தள்ளிருவே போல!"

அண்ணி மட்டும் சந்தோஷமாக இருந்தார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து திரையை விலக்கி ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "ஏங்க, நம்ம வீட்டுல ஆறு தெரியுதுங்க" என்று கத்தினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். வண்டி நிற்கிறபோதும் அதை அவர் விடவில்லை என்பதைக் கவனித்தேன்.

அக்கரை ஏறி ரோட்டைப் பிடித்ததும் அண்ணன் சொன்னார்:

"இந்தா பாரு. நீதான் என் கண்ணு. நான் யலான்னு கேப்பேன். நல்லாப் பாத்துட்டுச் சொல்லணும்."

"என்னைப் போயா? எனக்குத்தான் எல்லாத்துக்கும் பயமாச்சேண்ணே."

"அதுக்குத்தான்டா உன்னைக் கூட்டிட்டு வந்தேன். தைரியசாலிய நம்பினது போதும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் "யதே" என்று சொல்கிற முதல் தடவை, அதில் ஏதாவது ஆனால், இந்த மனிதனுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. அது என் வாயிலிருந்து வந்த வார்த்தையாக இருக்கும்.

தட்டோன் வரை பிரச்சினை இல்லை, ரோடு காலியாக இருந்தது. தட்டோன் தாண்டினதும் முன்னால் ஒரு மூங்கில் லாரி அகப்பட்டது. மூங்கில் பின்னால் நீட்டிக்கொண்டு தரையைத் தொடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மூங்கில் மேலேயே ஒரு ஆள் சாய்ந்து படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். லாரியில் டிரைவருக்கு எடுபிடியாக வருகிறவனை எங்கள் ஊரில் ஸ்பேர் என்போம். அவன்தான். லாரி ஊர்ந்தது. புழுதி எல்லாம் எங்கள் மேல்.

"யலா?"

நான் தலையை நீட்டினேன். தூரத்தில், ரொம்பத் தூரத்தில், ஒரு புள்ளி. வண்டியா மாடா தெரியவில்லை.

"வருது" என்றேன்.

அண்ணன் அடங்கினார். அந்தப் புள்ளி கடைசியில் சைக்கிளில் வந்த ஒரு பிக்கு. குடை பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

"யலா?"

"வருதுண்ணே."

"என்னடா வருது?"

"வளைவு வருது."

"வளைவு எப்படிடா வரும்? நாமதான் அதுக்கிட்ட போறோம்."

இப்படியே பிலின் தாண்டி, சைத்தோவும் தாண்டி, அந்த லாரி பின்னாலேயே வந்தோம். வழியில் நாலைந்து தடவை ரோடு சுத்தமாக இருந்தது. எனக்கே தெரிந்தது. ரெண்டு தடவை துணிந்து "யதே" என்று சொல்லக்கூடச் சொன்னேன். அண்ணன் போகவில்லை. ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் திருப்புவார், மூக்கு மட்டும் வெளியே போகும், உடனே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வார். பிறகு இருமுவார், கண்ணாடியைத் துடைப்பார். நான் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டேன். எனக்குள் ஒரு பக்கம் நிம்மதி. போகாவிட்டால் அடிபடாது. இன்னொரு பக்கம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி உள்ளேயிருந்து, "என்ன, மூங்கில்காரன் வீட்டுக்கே பொண்ணு கேட்டுப் போறமா?" என்றார்.

அந்த வண்டியில் டிரைவர் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு வழி உண்டு. அதன் வழியாகத்தான் அண்ணி எங்களோடு பேசிக்கொண்டு வந்தார். வண்டி ஓடும்போது அடுப்பைத் தொடக்கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்ததால் டீயைப் பிளாஸ்கில் கொண்டு வந்திருந்தார். கப்பில் ஊற்றலாமா, குலுங்கிச் சிந்துமா என்று அவருக்குச் சந்தேகம். அண்ணி எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் இந்தச் சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் பர்மாவில்தான் வரும். எங்கள் எல்லாருக்குமே அப்படித்தான்.

"யலா?" என்றார், என் காதுக்குப் பின்னால், சத்தமாக.

நான் பின்னால் திரும்பி, "யதே, யதே" என்றேன்.

அதே நேரத்தில் அண்ணனும் கேட்டிருக்கிறார். இஞ்சின் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. அவருக்கு என் பதில் மட்டும் கேட்டது.

வண்டி இடது பக்கம் ஒடிந்தது. இந்தத் தடவை மூக்கோடு நிற்கவில்லை, முழு வண்டியும் வெளியே போனது. நான் முன்னால் திரும்பிப் பார்த்தபோது எதிரே ஒரு லாரியின் முகம், மூட்டைகள், அதற்கு மேலே உட்கார்ந்திருந்த ஆட்கள் கையை ஆட்டுகிறார்கள். இடது சீட்டில் இருப்பவன்தான் அதற்கு நேரே இருப்பவன். "வருது" என்று நான் கத்தினதாக அண்ணி பிற்பாடு சொன்னார். நான் ஒன்றுமே கத்தவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

அண்ணன் வலது பக்கம் ஒடித்தார். எப்படி ஒடித்தார், மூங்கிலுக்கும் எதிர் லாரிக்கும் நடுவே எங்கே இடம் இருந்தது, எனக்குத் தெரியாது. என் பக்கத்துக் கண்ணாடி 'டப்' என்று போனது. எதிர் லாரி காற்றை அறைந்துகொண்டு ஓடிப்போனது. எங்கள் வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு சின்ன மதகு விளிம்பில் வலது முன்சக்கரம் மோதி, சாய்ந்து நின்றது.

உள்ளே பாத்திரங்கள் விழுந்து உருண்டு அடங்கின. முதலில் நான் நினைத்தது சிவப்பு ஸ்விட்சைத்தான். அண்ணி அதன் மேல் விழுந்திருப்பாரோ என்று.

"அண்ணீ!"

"இருக்கேன்டா, டீதான் இல்ல."

மூங்கில் லாரியும் கொஞ்ச தூரம் போய் நின்றது. அந்த ஸ்பேர் குதித்து இறங்கி ஓடி வந்தான். நாங்கள் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு வாய் வந்துவிட்டது. "ஊலே, வீட்டுக்கு வீலு போட்டீங்களே, கண்ணு போட மறந்துட்டீங்களா?" என்றான் பர்மாவில். ஊலே என்றால் மாமா, சித்தப்பா மாதிரி. மரியாதையான வார்த்தைதான். மீதியில் மரியாதை இல்லை.

அண்ணன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. இறங்கி மதகின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார். கை ரெண்டும் முழங்காலில். நான் பக்கத்தில் போனேன்.

"யதேன்னு சொன்னியே" என்றார். திட்டவில்லை. கேட்கவும் இல்லை. சும்மா சொன்னார்.

"அண்ணே..."

"நீயுமாடா?"

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். லுங்கி முழுக்க டீ. ஒரு கையில் கைப்பிடி உடைந்த கப்பு.

"அவனை என்ன கேக்குறீங்க? நான்தாங்க கேட்டேன், டீ ஊத்தலாமான்னு. எனக்குத்தான் யதேன்னான்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ரோட்டைப் பாத்துச் சொல்லலையா?"

"இல்லண்ணே. பின்னால திரும்பி அண்ணிக்குச் சொன்னேன்."

"டீக்கா?"

"டீக்கு."

எதிர்ப்பக்கம் வயலில் எருமைகள் நின்றன. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அன்னிக்கு அந்தக் கண்டக்டர் யாருக்குச் சொன்னானோ."

அவரே தொடர்ந்தார்.

"எறங்கலாமான்னு எவளாவது கேட்டிருப்பா. மூட்டைய எடுத்துக்கலாமான்னு கேட்டிருப்பா. நான் சொன்னேன்தான், ஆனான்னு ஆரம்பிச்சான். ஆனா என்னன்னு நான் கேக்கல பாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அவன் வேணும்னே பாக்காமச் சொன்னான்னு நெனச்சிட்டிருக்கேன்."

அண்ணி உடைந்த கப்பைக் கீழே போட்டார். "அழுதது போதும். இனிமே ஒண்ணு வெச்சுக்குங்க. ரோட்டுக்குத் தமிழ். டீக்கு, மூத்திரத்துக்கு, மத்ததுக்கெல்லாம் பர்மா. தம்பி, கேட்டியா? போன்னா போ, வருதுன்னா வருது. யதே கிதேன்னு ரோட்டைப் பாத்து வாயைத் தொறந்தே, நானே உன்னை எறக்கி விட்டுருவேன்."

எனக்கு அப்போது தோன்றினதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இனி ஓட்ட வேண்டாம் என்றுதான் தோன்றியது. அந்த ஸ்பேரும் அதைத்தான் சொன்னான். தனக்கு ஓட்டத் தெரியும், பெகு வரைக்கும் தான் ஓட்டிக்கொண்டு வருகிறேன், ஊலே லாரியில் ஏறிக்கொள்ளட்டும் என்றான். அண்ணன் எழுந்தார், பையிலிருந்து சாவியை எடுத்தார், அவனிடம் நீட்டினார். அவ்வளவு சுலபமாக நீட்டினார். அண்ணி என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லு என்கிற மாதிரி. நான் சொல்லவில்லை. பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

ஸ்பேர் ஏறி உட்கார்ந்தான். லாரிக்காரர் ரெண்டு மூங்கிலைச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். அவன் ரிவர்ஸ் போட்டான். கியர் பல்லைக் கடித்தது. மறுபடி போட்டான், மறுபடி கடித்தது. கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினான். வண்டி கத்தியது, நகரவில்லை. கருகின வாடை வந்தது.

அண்ணன் முகத்தைச் சுளித்தார். ஒரு அடி முன்னால் போனார், நின்றார். அவன் மூன்றாவது தடவை கடிக்கவிட்டான்.

"டேய், முழுசா மிதிடா!" என்று தமிழில் கத்தினார் அண்ணன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். இன்னொரு தடவை அதே பாதிக் கிளட்ச்.

"இறங்கு. இறங்குடா கீழ. புது வண்டி, கிளட்ச் பிளேட்டத் தின்னுருவான் போலிருக்கே." கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து இறக்கியேவிட்டார். தான் ஏறினார். ஒரே தடவை. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. வண்டி மூங்கில் மேல் ஏறி, மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி ரோட்டுக்கு வந்தது.

புது வண்டியாம். எத்தனை வருஷம் ஜப்பானில் ஓடியதோ. நான் ஓடிப்போய் இடது சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஸ்பேர் கீழே நின்று, "எங்க பின்னாலயே வாங்க ஊலே" என்றான்.

"உன் பின்னால வந்தது போதும்ப்பா. நீ முன்னால போயிரு" என்றார் அண்ணன், பர்மாவில்.

முன்சக்கரம் ஆடியது. ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தது. சித்தாங் பாலத்தின் மேல் மெதுவாகப் போகும்போது கீழே தண்ணீரைப் பார்க்காமல் இருக்க, பாலத்துக் கம்பிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், எண்ணிக்கை நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். வோ ஊரும் தாண்டி மெதுவாகப் பெகு வந்து சேர்ந்தோம்.

பெகுவில் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. டயர் மலை மாதிரி குவிந்திருந்தது. மெக்கானிக் வேறு ஒரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தமிழா? எந்த ஊரு?" என்று குரல் கொடுத்தார். பிறகு முகம் வந்தது, முழுக்க கிரீஸ். எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது என்னங்க, கல்யாண வீடா?" என்றார். அண்ணி உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அடுப்பு, தொட்டி, கட்டில். மனிதர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தும் பார்த்தார், கிரீஸ் பட்டதும் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

பிறகு முன்சக்கரத்துக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஸ்டியரிங் ராடு வளைஞ்சு கெடக்கு. முனையில பிடிப்பு இம்மாத்துண்டுதான் இருக்கு." சுண்டு விரல் நகத்தைக் காட்டினார். "இதோடயா பாலம் தாண்டி வந்தீங்க?"

நான் அப்படியே டயர்க் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "இவருதான் ஓட்டினாரா?" என்று கேட்டார்.

"இல்ல. நான்தான்."

"அப்ப இவரு ஏன் இப்படி இருக்காரு?"

"அவன் பாத்துச் சொல்றவன். அவனுக்குத்தான் அதிக வேலை" என்றார் அண்ணன்.

பழைய லாரி ஒன்றிலிருந்து ராடு கழற்றி, நீளம் சரிபண்ணி மாட்டினார். வெயில் சாய்கிறவரை ஆனது. கூலியும் சாமானும் சேர்த்து நாலாயிரம் கியாட் என்றார். டீசலுக்கு எடுத்து வைத்தது போக எங்களிடம் ஆயிரத்து ஐந்நூறுதான் இருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி காதுத் தோட்டைத் தொட்டார். கடன் என்றால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது, ஆனால் தோட்டைக் கழற்றுவதைப் பார்க்கவும் முடியாது. வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வாரோ, எங்களில் ஒருவரை இங்கேயே இருக்கச் சொல்வாரோ என்று மனசு எங்கெங்கோ போனது.

அப்போது அண்ணன் சொன்னார்:

"மிச்சத்த நானே வண்டி ஓட்டிக்கிட்டு வந்து தர்றேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். மெக்கானிக்கும் சாதாரணமாக, "அதுக்கென்ன, இந்தப் பக்கம் வர்றப்ப குடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அண்ணி மட்டும் காதிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ரெண்டு வருஷமாக அந்த வாயிலிருந்து நாங்கள் கேட்காத பேச்சு அது.

பெகு தாண்டி லெகூ போகிற வழியில் முன்னால் ஒரு தொலாஜி. உழுகிற மிஷினில் வண்டி கட்டி, நெல் மூட்டை ஏற்றி ஓட்டுவார்கள். படபடவென்று சத்தம் பெரிசு, வேகம் மாடு அளவுதான். அண்ணன் அதன் பின்னால் போய் அடங்கினார்.

"என்னடா?" என்றார், தமிழில்.

தலையை நீட்டினேன். ரோடு காலி. தூரத்தில் ஒரு மரம், அதன் நிழல். நிழலுக்குள் ஏதாவது நிற்குமோ. நிற்கவில்லை. இடது பக்க வயலிலிருந்து யாராவது ஏறி வருவார்களோ. வரவில்லை. "வருது" என்கிற வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தொலாஜி பின்னாலேயே ரங்கூன் போய்விடலாம்.

"போண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "போ, போ, போண்ணே!"

போனார். என் பக்கத்தில் தொலாஜி இல்லை, ரோடு மட்டும்தான், நீளமாக, ஒன்றுமில்லாமல். நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி மறுபடி வலது பக்கம் வந்து சேர்ந்த பிறகும் எடுக்கவில்லை. தொலாஜிக்காரர் பின்னால் ஏதோ கத்தினார், வாழ்த்தோ வசவோ. அண்ணன் ஹார்ன் அடித்தார்.

தின்கன்ஜூன் வருகிறவரை இன்னும் ஆறோ ஏழோ வண்டிகளைத் தாண்டினோம். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பயம்தான். அது பழகவே இல்லை.

அண்ணன் அந்த வண்டியை ரொம்ப வருஷம் ஓட்டினார். பெகு மெக்கானிக்கிடம் சொன்னபடி அடுத்த மாசமே தானே ஓட்டிக்கொண்டு போனார், நான் இடது சீட்டில். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்று அந்த வரிசையில் எல்லாக் கொட்டகையையும் பிரித்துவிட்டிருந்தார்கள். மனிதர் எங்கே போனார் என்று அக்கம் பக்கம் விசாரித்தோம். ஒருவர் பியின்மனா என்றார், ஒருவர் மலேசியா என்றார். அதற்குப் பிறகும் பெகு வழியாக எத்தனையோ சவாரி. ஒவ்வொரு தடவையும் அண்ணன் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைப்பார், நான் ரெண்டு பக்கமும் பார்ப்பேன். அவர் கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டியது ரெண்டாயிரத்து ஐந்நூறு கியாட்.